உட்கார இடம் கொடுங்கள், ஊரே வரும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் மதுரை மக்களுக்கும் வணக்கம்.

‘குடும்பங்களை நீர்க்கரைக்கு அழைத்து வருவது நிறைந்த நீரா, நிறைவான வசதிகளா?’ என்பது இன்றைய கேள்வி. வசதிகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா பரிபாடலிலிருந்து தொடங்கினார். இன்று முழுமையாகவும் சிதைந்தும் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையையைப் பாடுகின்றன, புதுப்புனல் வந்த சேதி கேட்டதும் ஊரே திரண்டு போனது, ஆகவே நீர் வந்தால் போதும் என்றார். ஐயா, அந்தப் பாடல்கள் எனக்கும் உயிர். ஆனால் அன்றைக்குப் போனவர்கள் எங்கே போய் இறங்கினார்கள்? திருமருத முன்துறையில். மருத மரங்கள் நிழல் விரித்த, ஆற்றில் இறங்க வழியிருந்த துறை அது. இன்று வைகையில் வெள்ளம் வருகிற நாளில் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏ.வி. பாலத்தில் ஓரமாக நிற்கிறோம். பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடிக்கின்றன. எட்டிப் பார்க்கிறோம், திரும்பிவிடுகிறோம். ஆறு நிறைய நீர் ஓடிய அந்த நாளிலும் குடும்பம் ஐந்து நிமிடம் தங்கவில்லையே!

அடுத்து வந்த தம்பி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காட்டினார். பனையூர் கால்வாய் வழியாக வைகை நீர் வந்தது, குளம் நிறைந்தது, கூட்டம் கூடியது என்றார். தம்பி, உங்கள் வயதுக்கு நிறைந்த தெப்பக்குளம்தான் நினைவில் இருக்கும். இந்த அவையில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்த தெப்பக்குளம் அவர்களுக்குத் தெரியும். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்போதும் சாயங்காலமானால் சுற்றுச்சுவர் நெடுகக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஆச்சி ஒரு பக்கம், சுண்டல் பொட்டலத்தோடு பேரன் ஒரு பக்கம். 1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம். நாலு பக்கமும் கருங்கல் படி, உட்கார அளவான சுவர், நடு மண்டபத்திலிருந்து வரும் காற்று, சுற்றிலும் தின்பண்டக் கடை. குடும்பத்தை அங்கே பிடித்து வைத்தவை இவைதாம். நீர் வந்தபோது அழகு கூடியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர் இல்லாத நாளிலும் அந்த இடம் மதுரையைக் கைவிடவில்லை.

வைகையின் இயல்பையும் சொல்லியாக வேண்டும். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு மழையை நம்பிய ஆறு. மதுரை எல்லைக்குள் வருடத்தில் பெரும்பாலான நாள் மணலும் நாணலும்தான். ‘நீர் வரட்டும், பிறகு மக்கள் வருவார்கள்’ என்று எதிரணி சொன்னால், நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைகள் எல்லாம் காத்திருப்பிலேயே முடிந்துபோகும்.

கோயம்புத்தூரைப் பாருங்கள். உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நீர் முன்பும் இருந்தது. கரையில் நடைபாதையும் விளக்கும் இருக்கையும் வந்த பிறகுதான் குடும்பங்கள் மாலையில் அங்கே நடக்கத் தொடங்கின. குளம் புதிதில்லை, கரைதான் புதிது.

இன்னும் நெருக்கமான சான்று நம் வைகை அணை. 1959-இல் திறக்கப்பட்டது, 111 அடி உயரம். தலைமுறை தலைமுறையாக மதுரைக் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு அங்கே போகின்றன. போய் எங்கே உட்காருகின்றன? அணைக்குக் கீழே இருபுறமும் உள்ள பூங்காவில். தேங்கிய நீர் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் புல்தரையும் ஊஞ்சலும் மர நிழலும். நாள் முழுக்க இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். நடுவர் அவர்களே, வைகை நம் ஊருக்கு நடுவே ஓடுகிறது. அதன் பக்கத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார நாம் ஏன் எழுபது கிலோமீட்டர் போக வேண்டும்?

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். குடும்பம் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? பைக்கை நிறுத்திவிட்டுக் கரையில் நிற்கும் நாலு இளைஞர்களுக்கு எந்த வசதியும் தேவையில்லை. அவர்கள் எங்கும் நிற்பார்கள். முழங்கால் வலிக்கும் அப்பத்தா இருக்கிறார். படிக்குக் கைப்பிடி இல்லை என்றால் ‘நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். அவருக்கு ஆசை இல்லை என்று நாமும் நினைத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்காரி இருக்கிறாள். பாலூட்ட மறைவான இடம் இல்லை என்றால் குழந்தை அழுததும் கிளம்பிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சரிவுப் பாதை இல்லை என்றால் அவர் வண்டியிலேயே இருந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே கழிப்பறை. இந்த அவையில் இருக்கும் பெண்களைக் கேட்கிறேன்: வெளியே போகிற அன்று தண்ணீர் குடிக்காமல் இருந்ததில்லையா நாம்? சுத்தமான, தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிப்பறை இல்லாத கரையில் எவ்வளவு நீர் நிறைந்திருந்தாலும் ஒரு பெண்ணால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியாது. விளக்கு இல்லையென்றால் ஆறு மணிக்கே எழுந்துவிடுவாள். அவள் எழுந்தால் குடும்பமே எழுந்துவிடும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது.

‘அப்படியானால் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வைகையின் இரு கரையிலும் சுவரும் சாலையும் போட்டார்களே, குடும்பங்கள் வந்தனவா?’ என்று எதிரணி அம்மா கேட்டார். நல்ல கேள்வி, நேராகப் பதில் சொல்கிறேன். சாலை வண்டிகளுக்கான வசதி. விரைந்து வரும் வண்டிகளுக்குக் குறுக்கே மூன்று வயதுப் பிள்ளையைக் கைபிடித்துக்கொண்டு எந்தத் தாய் கடப்பாள்? நாங்கள் கேட்பது சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நடப்பவருக்கான இடம். பந்தல்குடி கால்வாய் வழியாக ஆற்றில் கலக்கும் கழிவுநீரைத் தடுப்பதும் அந்த வேலையில் சேரும். நாற்றத்தை வைத்துக்கொண்டு இருக்கை போட்டுப் பயனில்லை. கடைக்காரர்களை விரட்டிவிட்டுக் கரையை அழகாக்குவதையும் நாங்கள் ஏற்கவில்லை. பருத்திப்பால் தள்ளுவண்டிக்கும் பணியாரக்கார அக்காவுக்கும் அங்கே இடம் வேண்டும். டிக்கெட் வைக்கவும் கூடாது. அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு நுழைவுக் கட்டணமே ஒரு நாள் காய்கறிச் செலவாகிவிடும்.

புட்டுக்கு மண் சுமந்த கதை மதுரையில் எல்லாருக்கும் தெரியும். ஆவணி மாதம் புட்டுத்தோப்பில் இன்றைக்கும் விழா நடக்கிறது. அந்தக் கதையில் வைகையில் நீருக்குக் குறைவே இல்லை. உடைந்தது கரை. அதை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றான் பாண்டியன், துணைக்கு யாருமில்லாத வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து கொடுத்தான். வந்திக்குக் கரையை அடைக்கும் கடமையில் பங்கு உண்டு என்றால், அந்தக் கரையில் காற்று வாங்கும் உரிமையிலும் பங்கு உண்டு. அவள் வயதில் இருக்கும் நம் பாட்டிமார் ஏறி இறங்க ஒரு கைப்பிடியைத்தான் என் அணி கேட்கிறது.

ஏ.வி. பாலத்திலிருந்து ஓபுளா படித்துறை வரைக்கும் கரையில் நிழல் மரம், நடைபாதை, விளக்கு, கழிப்பறை, குடிநீர் இவற்றை முதலில் வையுங்கள். நீர் வரும் நாளில் வரட்டும். வசதிகளே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.