ஏன் எனக்கு இல்லை?

(கொழும்பு, வெள்ளவத்தையில் யாருக்குக் கொடுப்பது என்று மாணவர்களே தீர்மானிக்கிற கொடை நிதி ஒன்றைத் தொடங்கிய நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசைப் பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது பின்னால் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருக்கிற தம்பி தங்கைகளோடு.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் கிடந்தபோது நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். காலி வீதியில் கடை கடையாக ஏறி உண்டியல் குலுக்கினோம். வகுப்பறை மேசையில் கொட்டி எண்ணினால் 43,260 ரூபாய். பாதிக் காசுக்கு அரிசி, பருப்பு, டின்மீன், நூடில்ஸ் வாங்கிப் பொதி கட்டினோம். தண்ணீர் வற்றிய கையோடு லொறியில் போய் இறங்கினோம்.

ஒரு வீட்டு வாசலில் முழங்கால் அளவு சேறு. அந்த வீட்டு உம்மா பொதியை வாங்கி மதில்மேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஆறேழு பொதிகள். "சோறு பள்ளிவாசல்ல தாராங்க மகன். இந்தச் சேத்தை அள்ள ஒரு மண்வெட்டி இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரு பேனர்தான். பெரிய பேனர், நல்ல அச்சு.

அடுத்த நாள் மண்வெட்டி, தும்புத்தடி, குளோரின் எல்லாம் கொண்டுபோனோம். அதற்குப் பிறகும் 12,400 ரூபாய் மிஞ்சியது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. மூன்று பேர் உதவி கேட்டிருந்தார்கள். ஒரு மேசன் தன் வேலை ஆயுதங்களை வெள்ளத்தில் பறிகொடுத்திருந்தார். ஒரு பாலர் பாடசாலைக்குப் பாய் வேண்டும். தையல்கார அக்கா ஒருவருக்கு மெஷின் மோட்டார் பழுது. காசு இரண்டு பேருக்குத்தான் காணும். பதினாலு பேர் இரண்டு பின்னேரம் சண்டை பிடித்தோம். கடைசியில் கை தூக்கி முடிவெடுத்தோம். அக்காவுக்கு இல்லை. போய்ச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

"ஏன் எனக்கு இல்ல?" என்று கேட்டார். கோபப்படவில்லை. மழை விட்டுதா என்று கேட்பதுபோலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பது கை தூக்கியது ஒரு காரணம் ஆகுமா? பஸ்சில் திரும்பி வரும்போது காது சுட்டது.

அதன்பிறகு ஒரு சீஆர் கொப்பி வாங்கினோம். யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று மூன்று கோடு போட்டு எழுதினோம். இன்று ஒரு வங்கியில் கடன் விண்ணப்பம் பார்ப்பது என் வேலை. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதும்போதெல்லாம் அந்தத் தையல்கார அக்காவின் வாசற்படியில்தான் நிற்கிறேன்.

இளசுகள் கையில் பொறுப்பைக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படிப்பித்த ஏ. டி. ஆரியரத்ன, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர் அது. அங்கேயே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து சிரமதானம் செய்தார்கள். சர்வோதயம் என்ற கிராம மேம்பாட்டு இயக்கம் முளைத்தது அந்த மாணவர் முகாமில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1980களின் கடைசியில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கெலொக் அறக்கட்டளை காசு கொடுத்து, ஊர்க் கொடை நிதியங்களில் பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களை அமைக்க வைத்தது. யாருக்கு எவ்வளவு என்று விண்ணப்பங்களை வாசித்துத் தீர்மானிக்கிற வேலை பிள்ளைகளுக்கு.

நம் பக்கத்தில் பிள்ளைகள் பொதி தூக்கலாம், வரிசையில் நிற்கலாம், படத்துக்குச் சிரிக்கலாம். காசோலைப் புத்தகம் மட்டும் பெரியவர்களின் அலுமாரியில். சான்றிதழுக்காகவே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். வரட்டுமே! நானும் முதலில் அதற்குத்தான் போனேன்.

இந்த மேசையில் ஏழு விண்ணப்பங்கள் இருக்கின்றன. நாலுக்குத்தான் காசு காணும். பக்கத்தில் புதுச் சீஆர் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறேன், கோடு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாலரைக்கு நூலகத்தில் கூட்டம். பெரியவர்கள் நாங்கள் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்போம்.