தரங்கம்பாடியின் கிங்ஸ் தெரு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிற்றூர்களின் பெரிய தெருக்களைப் பற்றியும் அங்கிருந்த பழைய கட்டடங்களைப் பற்றியும் பேசத் தொடங்கினால், இடிக்கப்பட்டவற்றின் பட்டியலாகவே அந்தப் பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். இடிபடாமல் நின்ற ஒரு தெருவைப் பற்றியும், அது எதனால் நின்றது என்பதைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரமாக உள்ள தரங்கம்பாடியின் கிங்ஸ் தெருதான் அது.

டென்மார்க் நாட்டவரான டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே இது பழைய ஊர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் இன்றும் கடற்கரையில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் வணிகர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். சில பத்தாண்டுகளிலேயே டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் வருவது நின்றுபோனது. 1655 முதல் 1669 வரை எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனிஷ்காரர், உள்ளூர் ஆட்களின் துணையோடு அந்தக் கோட்டையைக் காத்து நின்றார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவரே. ஒரு நாட்டின் உடைமையை அந்த நாடே மறந்திருந்த காலத்தில் இந்த ஊர் மக்கள் காத்துக்கொடுத்தார்கள் என்பது, தரங்கம்பாடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத செய்தி.

கிங்ஸ் தெருவுக்கு வடிவம் தந்தது அந்த மதில்தான். மதிலின் வாயிலில் தொடங்கிக் கடலை நோக்கி நேராகச் செல்கிறது தெரு. இப்போது நாம் பார்க்கும் நுழைவாயில் 1792இல் கட்டப்பட்டது. டென்மார்க் அரச முத்திரையை அதன் நெற்றியில் காணலாம். உள்ளே சென்றால் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1706இல் இங்கு வந்து, தமிழ் கற்று, அச்சகம் அமைத்துத் தமிழ் நூல்களை அச்சிட்ட ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்க், தாம் எழுப்பிய ஆலயம் நிறைவேறிய மறு ஆண்டே காலமாகி, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தனை கட்டடங்களும் எப்படித் தப்பின? 1845இல் டென்மார்க் அரசு தன் இந்தியக் குடியிருப்புகளைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடம் இங்கு வந்ததால் சில ஆண்டுகள் ஊருக்கு மதிப்பு இருந்தது. 1860இல் தலைமையிடம் இடம் மாறியது. அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்துக்கு இரயில் பாதை வந்தது. வணிகம் முழுவதும் அந்தத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. பணம் புழங்கும் ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிய மாடி எழுப்புவார்கள். தரங்கம்பாடியில் இடிப்பதற்கும் பணமில்லை, புதிதாகக் கட்டுவதற்குத் தேவையும் இல்லை. ஆகவே ஊரின் வீழ்ச்சியே தெருவைக் காத்தது என்று துணிந்து சொல்வேன். ஆனால் ஆளில்லாத வீடு உப்புக்காற்றில் நெடுநாள் நிற்காது. வணிகர்களும் அதிகாரிகளும் வாழ்ந்த மாளிகைகள் சில, பள்ளிகளாகவும் கன்னியர் மடமாகவும் ஆசிரியர் பயிற்சிக்கூடமாகவும் மாறி, நாள்தோறும் மனித நடமாட்டம் பெற்றதால்தான் அவை பிழைத்தன. கோட்டைகூட நெடுங்காலம் அரசின் பயணியர் விடுதியாக இருந்தது, இப்போது அருங்காட்சியகம்.

இந்த வீடுகளின் கட்டுமானத்தைச் சற்று விளக்க வேண்டும். கனத்த செங்கல் சுவர்கள், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, தெருவைப் பார்த்த தூண்கள் வரிசையான தாழ்வாரம் என்பவை அவற்றின் கூறுகள். வடிவம் ஐரோப்பியச் சாயல் கொண்டதாக இருந்தாலும், செங்கல் சூளையும் சுண்ணாம்பு அரைத்த கையும் நம் நாட்டுக்கு உரியவை. இவற்றை ஐரோப்பியக் கட்டடங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்த ஊரில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின் கடலோரத்தில் பாறைகளாலான தடுப்பு வலுப்படுத்தப்பட்டது. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, கிங்ஸ் தெருவின் கட்டடங்களை மட்டுமின்றி, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் எளிய திண்ணை வீடுகளையும் சீரமைத்தது. டேனிஷ் ஆளுநர் மாளிகை, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்போடு புதுப்பிக்கப்பட்டது. திண்ணை வீடுகளும் கணக்கில் சேர்ந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். மாளிகையை மட்டும் காத்தால் தெருவின் வரலாற்றில் பாதிதான் மிஞ்சும்.

பழுதுபார்க்கும் முறைதான் இன்று எனக்குக் கவலை தருகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் செங்கல் பொரிந்து உதிரத் தொடங்குகிறது. செலவு குறைவு என்றும், கொத்தனார் எளிதில் கிடைப்பார் என்றும் நினைத்துப் பலரும் சிமெண்டையே நாடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே, இளைய கொத்தனார்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவும், பழைய வீட்டுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு வேலைக்கான கூடுதல் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யவும் அரசு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.