மணிக்கும் வாடகை கொடுக்கிறோம், நடுவர் அவர்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குறைந்த சம்பளத்தில் தனியாக வாழ்பவருக்கு ஏற்றது வேலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஸ்டூடியோவா, நகரத்துக்கு வெளியே விசாலமான வீடா என்பது தலைப்பு. ஸ்டூடியோதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நான்கு வருடம் அப்படி ஓர் அறையில் குடியிருந்தவள் நான்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்கு வைத்தார். சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது, ஸ்டூடியோ அதைத் தாண்டிவிடுகிறது என்றார். அந்த 30 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்தவர்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் சட்டம் செய்தார்கள். 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். நல்ல நோக்கத்தில் வந்த வரம்புதான். ஆனால் வேலைக்குப் போய்வரும் செலவு அதற்குள் வரவே இல்லை. வாடகை 22 சதவீதம், பயணம் 12 சதவீதம் என்றால் அந்தத் தூரத்து வீடு 34 சதவீத வீடு, நடுவர் அவர்களே!

பணத்தை விடுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 22 நாள் வேலை என்றால் 66 மணி நேரம். பக்கத்து ஸ்டூடியோவிலிருந்து இருபது நிமிடம் என்று வைத்தால் மாதம் 15 மணி நேரம்கூட ஆகாது. மிச்சம் 51 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆறு நாளுக்கும் மேல். சம்பளம் குறைவானவருக்குக் கூடுதலாகச் சம்பாதிக்கவோ, ஒரு படிப்பை முடிக்கவோ, சும்மா தூங்கவோ இருக்கிற ஒரே முதல் அந்த நேரம்தான். அதை நின்றுகொண்டே பயணத்தில் கரைக்கச் சொல்வது என்ன நியாயம்?

சரி, அறை சின்னது, மூச்சு முட்டும் என்றார் எதிரணிச் சகோதரி. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே நாலு எட்டுதான். தாளித்த வாசனை தலையணையில் நிற்கும். நான் முதலில் எடுத்த அறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்தார், இரண்டே மாதத்தில் திரும்ப வந்தது. சமையல் ஆவி, குளியல் ஈரம், உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? அடுத்த அறை அதைவிடச் சின்னது. ஆனால் திறக்கிற பெரிய ஜன்னல், குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி. ஒரு பொட்டுப் பூஞ்சை வரவில்லை. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, வீடு பார்க்கப் போகிறவர் சதுர அடியைக் கேட்கும் முன் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும், அலமாரியை நகர்த்திச் சுவரைத் தொட வேண்டும், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வரும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். விசாலமான வீடு இந்தச் சோதனை எதிலும் தானாகத் தேறிவிடாது.

நாலு பேர் சேர்ந்து பெரிய வீடு எடுக்கலாமே என்றும் ஒரு வாதம் வந்தது. எடுக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், பெரும்பாலும் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவர் வேலை போய்க் கிளம்பிவிட்டால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். ஸ்டூடியோவில் வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் அடுத்த மாதம் நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது இன்றைக்கே எனக்குத் தெரியும். கையில் மிச்சம் அதிகம் இல்லாதவருக்கு அந்த நிச்சயம் எவ்வளவு பெரிது!

எதிரணியில் அடுத்துப் பேசப்போகும் நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். நான் இருந்த மாடியில் எதிர் அறையில் ஒரு செவிலியர் குடியிருந்தார். பணி முடிய இரவு பதினொன்று, சில நாள் அதற்கும் மேல். பதினைந்து நிமிடம் நடந்து வந்து படுத்துவிடுவார். அவரை ஊருக்கு வெளியே மூன்று அறை வீட்டில் குடிவையுங்கள். கடைசிப் பேருந்து போன பிறகு, தனியாக, அவர் எப்படி வீடு போய்ச் சேருவார்? அதற்கு ஆகும் செலவை யார் சம்பளத்தில் கழிப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.