கெட்டது ப்ராசஸர், நான் மாற்றியது மற்ற எல்லாம்

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் இருக்கும் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். இது 650 வாட் எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி. இது 16 ஜிபி ரேம், இரண்டு ஸ்டிக். இரண்டிலும் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என்று நினைத்து நான் கழற்றி வைத்தவை இவை. இவற்றுக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிப் போட்டதில் 9,000 ரூபாய்க்கு மேல் போனது. அதன் பிறகும் எங்கள் வீட்டு கேமிங் கம்ப்யூட்டர் கிராஷ் ஆவது நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கெட்டுப்போயிருந்தது ப்ராசஸர்.

எந்த நிறுவனத்தின் சிப் என்று சொல்லப் போவதில்லை. கேட்காதீர்கள், அது இங்கே முக்கியம் இல்லை. எந்த நிறுவனத்தின் சிப்பும் கெடலாம். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

8 கோர், 16 த்ரெட் ப்ராசஸர். அதாவது உள்ளே கணக்குப் போடும் பகுதிகள் எட்டு, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையைப் பார்க்கும். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் எடிட்டிங்குக்குப் பயன்படுத்துவேன், தம்பி கேம் ஆடுவான். ஒரு நாள் அவன் வந்து, "அண்ணா, மேட்ச் நடுவில் அதுவாக ரீஸ்டார்ட் ஆகிறது" என்றான். ப்ளூ ஸ்கிரீன் கூட வரவில்லை. திரை சட்டென்று கறுப்பாகிவிடும், ஃபேன் ஒரு நொடி நின்று மறுபடி சுற்றும், அப்புறம் மதர்போர்டு லோகோ வரும். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு முறை என்று இருந்தது, போகப் போக ஒரு நாளைக்கு மூன்று முறை என்று ஆனது. நான் தம்பியைத்தான் திட்டினேன். கண்ட இடத்திலிருந்து எதையாவது டவுன்லோட் செய்திருப்பான் என்று நினைத்தேன். விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மறுநாளே அதே கறுப்புத் திரை. அவன் மேல் தப்பில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அவனிடம் அப்போதே சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்: சாரிடா.

சரி, அடுத்து என்ன? நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் கரன்ட் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. மே மாதம், தெரு முழுக்க ஏசி ஓடுகிறது, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், யுபிஎஸ்ஸையும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் விண்டோஸில், நடந்ததையெல்லாம் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூயரைத் திறந்தேன். சிவப்புக் குறியோடு ஒரு வரி: கெர்னல்-பவர், ஈவென்ட் ஐடி 41. 'பவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு செய்து, மறுநாளே புதிது வாங்கிவிட்டேன்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான். அந்த 41, எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. "போன முறை கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்று, மறுபடி பூட் ஆன பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். நீங்கள் ஸ்விட்சைப் பிடுங்கினாலும் அதே 41 வரும், ப்ராசஸர் திணறி விழுந்தாலும் அதே 41தான். காரணம் அந்த வரியில் இருக்காது.

காரணம் அதற்கு மேலேயோ கீழேயோ இரண்டு வரி தள்ளி இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. இதோ, அப்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் திரையில் போடுகிறேன். சோர்ஸ் என்ற இடத்தில் டபிள்யூஹெச்இஏ-லாகர், விண்டோஸில் வன்பொருள் பிழைகளைப் பதிவு செய்யும் பகுதி. ஈவென்ட் ஐடி 18. உள்ளே திறந்தால் நான்கு விவரம். வன்பொருளில் மீள முடியாத பிழை. எந்தப் பாகம் சொன்னது: ப்ராசஸர் கோர். என்ன வகைப் பிழை: கேஷ் ஹைரார்க்கி எரர். கடைசியாக, ஏபிஐசி ஐடி, அதாவது ப்ராசஸருக்குள் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இருக்கும் அடையாள எண்: 10.

கேஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமையலுக்குக் கை எட்டும் இடத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கும். அலமாரியில் டப்பாக்கள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மளிகைக் கடைக்குப் போக வேண்டும். ப்ராசஸருக்குள் இருக்கும் எல்1 கேஷ்தான் அஞ்சறைப் பெட்டி, எல்2, எல்3 அலமாரி, ரேம் மளிகைக் கடை. அஞ்சறைப் பெட்டியில் இருந்தோ அலமாரியில் இருந்தோ எடுத்தது சரியில்லை என்று ப்ராசஸரே தன்னைச் சோதித்துப் பார்த்துக் கத்துகிறது. திருத்தக்கூடிய பிழை என்றால் திருத்திக்கொண்டு ஈவென்ட் 19 என்று எழுதிவிட்டு வேலையைத் தொடரும். திருத்த முடியாது என்றால் தப்பான கணக்கோடு ஓடுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று மொத்தமாக நின்றுவிடும். அதுதான் 18. நான் என்ன செய்தேன் தெரியுமா? மளிகைக் கடையை மாற்றினேன். புது ரேம் வாங்கினேன்.

ரேமைச் சோதிக்காமல் வாங்கவில்லை. மெம்டெஸ்ட்86 போட்டேன், நான்கு சுற்று, ஒரு பிழை கூட இல்லை. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் ஆஃப் செய்து பார்த்தேன், அப்போதும் கிராஷ். அங்கேயே ரேமை விட்டிருக்க வேண்டும். ஆனால் ப்ராசஸர் கெடாது என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. 15 வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கெட்டுப்போன ரேம் பார்த்திருக்கிறேன், வெடித்த கெபாசிட்டர் பார்த்திருக்கிறேன், கெட்டுப்போன ப்ராசஸரைப் பார்த்ததே இல்லை. கடைக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலும் என்பது எப்போதும் இல்லை.

இன்னொரு விஷயமும் என்னைத் தப்பான பக்கம் திருப்பியது. ப்ராசஸரை நான் சோதிக்காமல் இல்லை. ப்ரைம்95 என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதியது, ப்ராசஸரைக் கசக்கிப் பிழியும். அதை ராத்திரி முழுக்க 8 கோரிலும் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பம் 78 டிகிரி, அதுவும் பிரச்சினை இல்லை. இவ்வளவு பாரத்தைத் தாங்கும் ப்ராசஸர் எப்படிக் கெட்டிருக்கும்? லிஸ்ட்டில் இருந்து அடித்துவிட்டேன்.

ஆனால் தம்பி ஒன்றைக் கவனித்துச் சொன்னான். பெரிய சண்டை நடக்கும்போது கிராஷ் ஆவதில்லை, லாபியில் சும்மா காத்திருக்கும்போதுதான் ஆகிறது என்றான். ஒரு முறை வெறும் யூடியூப் பார்க்கும்போதே ஆனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 8 கோரும் சேர்ந்து உழைக்கும்போது மின்சாரத்தையும் வெப்பத்தையும் பங்கு போட வேண்டும், அதனால் ஒவ்வொரு கோரும் கொஞ்சம் குறைந்த வேகத்தில்தான் ஓடும். வேலை லேசாக இருக்கும்போது ஒரே ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் பாயும். பூஸ்ட் என்கிறோமே, அதுதான். பலவீனமான கோர் தடுமாறுவது அந்த உச்சத்தில். ராத்திரி முழுக்க நான் ஓட்டிய டெஸ்ட்டில் அந்த கோர் உச்சத்தைத் தொடவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கோராகத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்குக் கோர்சைக்ளர் என்று இலவச டூல் ஒன்று இருக்கிறது. உள்ளே அதே ப்ரைம்95தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோருக்கு மட்டும் வேலை கொடுக்கும், முடிந்ததும் அடுத்த கோருக்குப் போகும். கோருக்கு 6 நிமிடம் என்று வைத்தேன். பயாஸை முழுக்க டிஃபால்ட்டுக்குக் கொண்டு வந்தேன்: வேகத்தைக் கூட்டும் ஓவர்க்ளாக் இல்லை, வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் இல்லை, எக்ஸ்எம்பி இல்லை. இதைச் செய்யாமல் சோதித்தால் யார் மேல் தப்பு என்று தெரியாது. 0, 1, 2, 3, 4, எல்லாம் பாஸ். கோர் 5 வந்தது. இரண்டாவது நிமிடத்தில் சிவப்பு எழுத்து. ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ப்ரைம்95 எழுதுகிறது. அதாவது கணக்கு தப்பு. விடையில் இருக்கவே கூடாத அளவுக்குப் பிசகு. மறுபடி ஓட்டினேன், மறுபடி கோர் 5.

இப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பப் பாருங்கள். ஏபிஐசி ஐடி 10. என் ப்ராசஸரில் கோருக்கு இரண்டு த்ரெட். எண்ணிக்கை 0-வில் தொடங்கும்: 0, 1 என்றால் கோர் 0. 2, 3 கோர் 1. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் 10, 11 எந்த கோர்? கோர் 5. மூன்று மாத லாகை உட்கார்ந்து புரட்டினேன். ஒவ்வொரு ஈவென்ட் 18-லும் 10 அல்லது 11, வேறு எண்ணே இல்லை. வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஈவென்ட் 18 வந்தாலே ப்ராசஸர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஏபிஐசி ஐடி வந்தால் ரேம், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், பயாஸ் அமைப்பு, எதுவாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்ப ஒரே கோர் என்றால்தான் சந்தேகம் வலுக்கும். அப்போதும் பயாஸ் அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள். கோரும் த்ரெட்டும் வேறு மாதிரி அமைந்த ப்ராசஸர்களில் எண்கள் இப்படி ஜோடியாக வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

டூல் எதுவும் போட விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட். 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பூஸ்ட் நின்றுவிடும். கேம் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே ஓட்டுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு 9 நாள் ஒரு கிராஷ் கூட இல்லை. 100 ஆக்கினேன், அன்று மாலையே விழுந்தது.

ப்ராசஸர் கணக்கைத் தப்பாகப் போடுமா என்று அம்மா கேட்டார்கள். போட்டிருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, பென்டியம் சிப் வகுத்தலில் தப்பு விடை தருவதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அது 1.33373 என்றது. அது வடிவமைப்பிலேயே இருந்த பிழை. இன்டெல் 47.5 கோடி டாலரை அதற்காக ஒதுக்க வேண்டி வந்தது. என்னுடையது அப்படி இல்லை, ஓடி ஓடி ஒரு கோர் தளர்ந்துபோனது.

நாளாக நாளாகத் தளர்வதற்கும் பெரிய உதாரணம் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள். அவை தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் உள்ளே தேய்மானம் ஏற்பட்டது என்று 2024-ல் அந்த நிறுவனமே சொன்னது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் திருத்தங்களை, அதாவது பயாஸ் அப்டேட்டோடு வரும் ப்ராசஸரின் உள் நிரலுக்கான திருத்தங்களைக் கொடுத்தது, வாரன்டியையும் 2 வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, புதிதாகத் தேயாமல்தான் காக்கும். அந்தச் சிப்களில் கேம் தன் கிராபிக்ஸ் நிரல்களைத் தயார் செய்யும்போது, அதாவது ஷேடர் கம்பைல் ஆகும்போது, வீடியோ மெமரி போதவில்லை என்று மெசேஜ் வரும். அதை நம்பி கிராபிக்ஸ் கார்டையே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஏஎம்டி பக்கமும் 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில கருகி, சிப்பின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று பயாஸில் கட்டுப்பாடு வந்தது. என் சிப் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. உங்களுடையது இருந்தால் முதல் வேலையாக பயாஸ் அப்டேட்.

சரி, வாரன்டி கேட்கப் போகும் முன் கடைசியாக ஒரு நிரூபணம் வேண்டும் என்று நினைத்தேன். நண்பன் ஒருவனிடம் அதே சாக்கெட் மதர்போர்டு இருக்கிறது. தன் கம்ப்யூட்டரை எனக்காகப் பிரிக்க விட்டான், அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. என் சிப்பை அவன் போர்டில் போட்டோம், 40 நிமிடத்தில் விழுந்தது. அவன் சிப் என் போர்டில் விடியும்வரை ஓடியது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

கழற்றும்போது கவனம். பின்கள் சிப்பிலேயே இருக்கும் வகை என்றால், காய்ந்த தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு கூலரோடு சிப்பும் பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். பின் வளைந்தால் வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். இழுக்காதீர்கள். சிப் மேல் இருக்கும் பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். பில், பெட்டி, இரண்டும் கையில் இருக்கட்டும். நான் பெட்டியோடு வாங்கியது, 3 வருட வாரன்டி. விலை குறைகிறதே என்று பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசஸர் வாங்கினவர்களுக்குப் பொதுவாக நிறுவனம் நேரடியாக மாற்றித் தராது, கடைக்காரர் கொடுத்த வாக்குதான். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது: 1,000, 1,500 ரூபாய்க்காகப் பெட்டியை விடாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் முதலில், "எங்கள் டெஸ்ட்டில் பாஸ் ஆகிறது" என்றார்கள். 8 கோரையும் சேர்த்துத்தான் ஓட்டியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. கோர்சைக்ளர் லாக், ஈவென்ட் 18 ஸ்கிரீன்ஷாட்கள், இரண்டு போர்டிலும் எடுத்த வீடியோ, எல்லாவற்றையும் பிரின்ட் போட்டும் பென் டிரைவிலும் கொண்டு போய்க் கொடுத்தேன். 17 நாளில் மாற்றுச் சிப் வந்தது.

போட்டு 5 வாரம் ஆகிறது. ஈவென்ட் வியூயரைத் திறக்கிறேன், டபிள்யூஹெச்இஏ என்று ஃபில்டர் போடுகிறேன்... பாருங்கள், காலி. இந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் அடுத்த வாரம் தங்கச்சிக்கு அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டரில் போடப் போகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் இப்படிக் கிராஷ் ஆகிறது என்றால் எதையும் வாங்கும் முன் ஈவென்ட் வியூயரைத் திறந்து, ஈவென்ட் ஐடி, ஏபிஐசி ஐடி, ப்ராசஸர் மாடல், மூன்றையும் கமென்ட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு முறை வந்ததை மட்டும் எழுதாமல், கடைசியாக வந்த ஐந்தாறையும் எழுதுங்கள். நான் உட்கார்ந்து படித்துப் பதில் போடுகிறேன்.