எக்ஸ்போ ஆன் பண்ணிட்டு அப்படியே விட்றாதீங்க, எஸ்ஓசி வோல்டேஜ் எவ்ளோன்னு பாருங்க

வணக்கம் மக்களே. ஓவர்க்ளாக், அதாவது சிப்ப கம்பெனி சொன்ன ஸ்பீடுக்கு மேல ஓட்டுறதுன்னு சொன்னாலே நம்மாளுங்க என்ன பண்றாங்க, நேரா பயாஸ்குள்ள, அதான் போர்டோட செட்டிங்ஸ் மெனுக்குள்ள போய் கோர் க்ளாக்க ஏத்துறாங்க, சினிபெஞ்ச்னு ஒரு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுறாங்க, ஸ்கோர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்ல போடுறாங்க. நான் இன்னைக்கு அந்தப் பக்கம் கடைசியாதான் போவேன். ஏன்னா ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் ப்ராசசர்ல கை சுடுற இடம் கோர் இல்ல, ராமோட பேசற மெமரி கன்ட்ரோலர். அது ராம் ஸ்டிக்லயோ போர்டுலயோ இல்லங்க, ப்ராசசருக்குள்ளயே ஐஓ டைன்னு தனியா ஒரு சில்லு இருக்குல்ல, அதுக்குள்ள உக்காந்திருக்கு. அதுக்குப் போற வோல்டேஜ்தான் எஸ்ஓசி வோல்டேஜ்.

இங்க இருக்கறது ரைசன் 5 7600, கூட ரெண்டு 16 ஜிபி ஸ்டிக், டிடிஆர்5 6000. பாக்ஸ்ல 6000ன்னு போட்டிருக்கு, ஆனா ஏஎம்டி இந்த சிப்புக்கு அஃபிஷியலா குடுக்கறது 5200தான். எக்ஸ்போங்கறது பாக்ஸ்ல போட்ட அந்த ராம் ஸ்பீட பயாஸ்ல ஒரே செட்டிங்ல ஆன் பண்ற வசதி, அத ஆன் பண்ணாலே அது ஓவர்க்ளாக்தான், ஸ்பெக்க தாண்டினா வாரன்ட்டி கிடையாதுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, அத மனசுல வெச்சுக்கங்க.

2023 ஏப்ரல்ல ஏஎம்டியோட 7800எக்ஸ்3டி ப்ராசசர் வந்த புதுசுல சாக்கெட்டோட கருகிப்போன போட்டோலாம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சிப்போட அடிப்பக்கம் உப்பி, பின்லாம் கருத்துப்போய்... அதுல முக்கியமா மாட்டுனது இந்த வோல்டேஜ்தான். எக்ஸ்போ போட்டா சில போர்டு ஆட்டோலயே எஸ்ஓசிய 1.3க்கு மேல தூக்கி விட்டுச்சு. அப்புறம் ஏஎம்டி புது ஏஜீசா, அதான் பயாஸுக்குள்ள இருக்கற அவங்களோட கோட், விட்டு 1.3 வோல்ட்தான் லிமிட்டுன்னு பூட்டு போட்டாங்க. அதனால ஆட்டோன்னா சேஃப்னு நெனைக்காதீங்க. போர்டுக்காரனுக்கு எந்த ராம் போட்டாலும் பூட் ஆவணும், அதுக்காக தாராளமா அள்ளி விடுவான், சிப் நம்மளோடதுதானே!

சோ மொத வேல, பயாஸ் அப்டேட். யூபிஎஸ் இல்லாம அதுல கை வெக்காதீங்க, பாதில கரண்ட் போச்சுன்னா அது வேற கத. அப்டேட் ஆனதும் எக்ஸ்போ ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க. இப்ப ஸ்க்ரீன் பாருங்க, கருப்பு. ஃபேன் சுத்துது, போர்டுல டிரேம் லைட் எரியுது, டிஸ்ப்ளே இல்ல. இங்கதான் பல பேர் பதறிப்போய் பவர் பட்டன அமுக்கி அணைச்சிடுறாங்க. அணைக்காதீங்க, மெமரி ட்ரெய்னிங் நடக்குது, அதாவது ராமுக்கு எது செட்டாகும்னு சிஸ்டம் தானே தேடிட்டிருக்கு, சில நிமிஷம் கூட ஆகும், போய் டீ போட்டுட்டு வாங்க.

ம், வந்துடுச்சு. எச்டபிள்யூஇன்ஃபோன்னு வோல்டேஜ், சூடுலாம் காட்டற சாஃப்ட்வேர தொறந்து எஸ்ஓசி வோல்டேஜ் வரிய பாருங்க. நான் இத ஆட்டோல விடல, பயாஸ்ல கையாலயே 1.2 போட்டேன். 6000க்கு ரெண்டு ஸ்டிக்குன்னா பெரும்பாலும் இது போதும், சில சிப்பு இன்னும் கம்மிலயே நிக்கும், கொஞ்சம் கொஞ்சமா எறக்கிப் பாருங்க. அப்புறம் ஜென்டைமிங்ஸ்னு ராம் செட்டிங் காட்டற சாஃப்ட்வேர்ல யூக்ளாக்கும் (கன்ட்ரோலர் ஸ்பீடு) எம்க்ளாக்கும் (ராம் க்ளாக், 6000ல பாதி) ரெண்டும் 3000ன்னு ஒண்ணாக் காட்டுதான்னு பாக்கணும். யூக்ளாக் 1500ன்னு பாதியா இருந்தா கன்ட்ரோலர் அரை ஸ்பீடுல ஓடுதுன்னு அர்த்தம், அப்ப 6000 போட்டு பெருசா புண்ணியம் இல்ல. எஃப்க்ளாக், அதான் ப்ராசசருக்குள்ள சில்லுங்களுக்கு நடுவுல டேட்டா போற பாதையோட ஸ்பீடு, 2000, அது அப்படியே இருக்கட்டும். நாலு ஸ்டிக் போட்டவங்க இந்த நம்பர அப்படியே காப்பி அடிக்காதீங்க, இந்த சிப்புல நாலு ஸ்டிக்குக்கு ஏஎம்டி குடுக்கற அஃபிஷியல் ஸ்பீடே 3600தான்.

விண்டோஸ் தொறந்துச்சு, கேம் ஓடுது, அப்ப ஸ்டேபிள்னு சொல்லிடாதீங்க. ராம் எரர் ப்ளூ ஸ்க்ரீனா வந்தா நல்லது, கண்ணுக்குத் தெரியும், கொடும என்னன்னா ஒரு பிட் மாறி அது அப்படியே ஃபைல்ல எழுதிடும், ஆறு மாசம் கழிச்சு கல்யாண வீடியோ தொறக்க மாட்டேங்கும். டிடிஆர்5லதான் உள்ளயே ஈசிசி, தப்பத் திருத்தற வசதி, இருக்கேன்னு கேப்பீங்க, அது ராம் சில்லுக்குள்ள நடக்கற தப்ப மட்டும்தான் திருத்தும், அங்கேருந்து கன்ட்ரோலருக்கு வர்ற வழில கெட்டுப்போனா அதுக்குத் தெரியாது. அதனால டெஸ்ட்மெம்5ன்னு ராம் டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர் ஒரு ராத்திரி ஓடட்டும், ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். ஒண்ணுதானேன்னு சமாளிக்கக் கூடாது.

இது பாஸ் ஆனப்புறம்தான் சிபியு. ரெண்டையும் சேத்து மாத்துனா க்ராஷ் எதனாலன்னு தலையப் பிச்சுக்கணும். 7600ல நான் எல்லா கோரையும் ஒரே ஸ்பீடுல பூட்ட மாட்டேன், சிங்கிள் கோர் பூஸ்ட் போயிடும். பிபிஓ, அதான் ஏஎம்டியோட பூஸ்ட் லிமிட்ட தளத்தற செட்டிங், அத ஆன் பண்ணி, கோருக்குப் போற வோல்டேஜ குறைக்கற கர்வ் ஆப்டிமைசர்ல நெகட்டிவ் 15, அவ்ளோதான். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அந்த மிச்சத்துல சிப் தானே மேல ஏறிக்கும். ஒரு குசும்பு என்னன்னா நெகட்டிவ் ஜாஸ்தியானா இது சினிபெஞ்ச்ல சாவாது, நீங்க சும்மா ப்ரவுசர் தொறந்து வெச்சிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவும், ஏன்னா லோடு கம்மியா இருக்கும்போதுதான் ஒரு கோர் உச்ச ஸ்பீடுக்குப் போகும். அதுக்குத்தான் கோர்சைக்ளர், ஒவ்வொரு கோரா தனித்தனியா ஓட்டிப் பாக்கும், எது எரர் அடிக்குதோ அந்த கோருக்கு மட்டும் நெகட்டிவ் 10ன்னு விட்டுக் குடுங்க.

டெஸ்ட்ட மத்தியானமும் ஒரு தடவ ஓட்டுங்க. ராத்திரி ஏசி ரூம்ல பாஸ் ஆனது மே மாசம் ரெண்டு மணிக்கு பாஸ் ஆவும்னு கேரன்ட்டி இல்ல, முக்கியமா ராம் சூடானா எரர் அடிக்கும். டிஸ்ப்ளேயே வரலயா, பவர் கேபிள உருவிட்டு போர்டுல க்ளியர் சிமாஸ்னு இருக்கற ரெண்டு பின்ன சில செகண்ட் ஷார்ட் பண்ணுங்க, எல்லாம் பழையபடி வந்துடும். உங்க போர்டு ஆட்டோல எவ்ளோ எஸ்ஓசி குடுக்குதுன்னு பாத்துட்டு போர்டு மாடலோட கீழ போடுங்க, 1.3ல நிக்கறது எத்தன பேருக்குன்னு பாப்போம்.