சென்னையை விட்டுட்டு கோவை, திருச்சி, மதுரைக்குப் போகலாமா? வாடகைக்கு அப்புறம் பார்க்க வேண்டிய கணக்கு

[காட்சி: சாயங்கால ஜி.எஸ்.டி. ரோடு. நகராத வண்டிகள்.]

"பேசாம ஊர்ப்பக்கம் போயிடலாமா?" சென்னையில இந்தப் பேச்சு மூணு சமயத்துல கண்டிப்பா வரும். டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி வரும்போது, மே மாசம் குழாய்ல தண்ணி வராதபோது, ஹவுஸ் ஓனர் வாடகையை ஏத்தும்போது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவங்களுக்கும், 2019-ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்ததைப் பார்த்தவங்களுக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்ல. கிளம்பணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? அதுதான் இந்த வீடியோ.

[காட்சி: வேளச்சேரி அபார்ட்மென்ட், பக்கத்துல திருச்சி கே.கே. நகர் தனி வீடு]

எல்லாரும் முதல்ல சொல்றது வாடகை. உண்மைதான். வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குக் கொடுக்கிற காசுல, திருச்சி கே.கே. நகர்ல அதே அளவு வீடு எடுத்து, கையில மிச்சமும் பிடிக்கலாம். கோவையில அப்படி நினைச்சுட்டுப் போகாதீங்க. சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு அங்க வாடகை வேற மாதிரி ஆயிடுச்சு.

ஆனா வாடகை குறையுதுன்னா செலவு முழுக்க அதே அளவுக்குக் குறையும்னு அர்த்தம் இல்ல. கரண்ட் கட்டணம் தமிழ்நாடு முழுக்க ஒண்ணுதான், ரெண்டு மாசத்துக்கு இத்தனை யூனிட் இலவசம்ங்கிறதும் ஒண்ணுதான். சிலிண்டர், பெட்ரோல், போன் ரீசார்ஜ், இதுல எதுவும் பெரிசா மாறாது. நல்ல சி.பி.எஸ்.இ. ஸ்கூல் ஃபீஸைக் கேட்டுப் பாருங்க, சென்னையிலயே இருக்கோமோன்னு தோணும்.

[திரையில்: சென்னை 50% | மற்ற ஊர்கள் 40%]

வருமான வரியைப் பழைய முறையில கட்டுறவங்க இதைக் கவனிங்க. வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கணக்குப் போடும்போது, சென்னையில இருந்தா அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம் உச்சவரம்பு. திருச்சிக்கோ மதுரைக்கோ போனா 40. மத்திய அரசு ஊழியர்களுக்குப் படியே குறையும்: சென்னையில 30 சதவீதம், கோவை, திருச்சி, மதுரை, சேலத்துல 20. புது வரிமுறையில இருந்தா இந்த விலக்கே கிடையாது, இதை விட்டுடலாம்.

அடுத்தது வண்டி. சென்னையில லோக்கல் ட்ரெயின், மெட்ரோ, மாநகரப் பேருந்து இருக்கு. 1,000 ரூபாய் பாஸ் வாங்கினா மாசம் முழுக்க பஸ்ல சுத்தலாம். நடுத்தர ஊர்ல டவுன் பஸ் பகல்ல தாராளமா இருக்கும், ராத்திரி பத்துக்கு மேல ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே இருக்கணும். கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ வரும்னு நம்பி இடம் வாங்கினவங்க நிறைய பேர். அந்தத் திட்டங்களை 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிடுச்சு. அதனால புருஷன் பொண்டாட்டி ஆளுக்கு ஒரு டூ வீலர்னு கணக்கு வச்சுக்கங்க.

[காட்சி: ஓ.எம்.ஆர். அலுவலகக் கட்டடங்கள், ராத்திரி]

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிளம்புறவங்க எல்லாருமே முதல் வேலையைப் பத்தி யோசிச்சிருப்பாங்க. "கம்பெனி வீட்ல இருந்து வேலை பார்க்கச் சொல்லிடுச்சு", "கோவை ஆபீஸுக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க". சரி. அந்த வேலை போனா? ரெண்டாவது வேலை எங்க?

ஓ.எம்.ஆர்.ல சோழிங்கநல்லூர் கம்பெனியை விட்டுட்டு சிறுசேரி கம்பெனிக்கு மாறினா வீடு மாத்த வேண்டாம், பிள்ளைங்க ஸ்கூல் மாத்த வேண்டாம். நாம சென்னைக்குக் கொடுக்கிற கூடுதல் வாடகையில ஒரு பங்கு இந்த வசதிக்கான விலைதான்.

கோவையில ஓரளவுக்கு இது இருக்கு. டைடல் பார்க், சரவணம்பட்டி, அது போக பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, மில்லுன்னு ஊரே தொழில்ல நிக்குது. திருச்சி அப்படி இல்ல. பி.எச்.இ.எல். இருக்கு, அதை நம்பி நிக்கிற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுங்க இருக்கு, நவல்பட்டுல எல்காட் ஐ.டி. பார்க் இருக்கு. மதுரையில வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்குங்க இருக்கு. சேலத்துலயும் தஞ்சாவூர்லயும் 2024 செப்டம்பர்ல மினி டைடல் பார்க் திறந்தாங்க. எல்லாம் நல்ல ஆரம்பம்தான். ஆனா உங்க அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் அங்க எத்தனை கம்பெனி இருக்கு? ஒண்ணோ ரெண்டோன்னா, அடுத்த வேலை மறுபடியும் சென்னையிலயோ பெங்களூர்லயோதான். குடும்பம் திருச்சியில, நீங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல.

இன்னொண்ணும் சொல்லணும். வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னா, ஒருத்தருக்கு மாற்றல் கிடைச்சதும் "குடும்பமா முடிவு பண்ணினோம்"னு சொல்லி இன்னொருத்தர் வேலையை விடுறாங்க. அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் மனைவிதான். அந்தச் சம்பளத்தையும் கழிச்சுப் பார்த்தீங்கன்னா, மிச்சமாகுற வாடகை கண்ணுக்கே தெரியாது.

[காட்சி: காவிரிப் பாலம், வைகை, கோவை மேற்கே மலை]

மத்ததை வேகமா பார்த்துடலாம். வெயில்: கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கு, திருச்சிக்கும் மதுரைக்கும் கடல்காத்து வராது, ஏப்ரல் மே மாசத்துல 40 டிகிரி சாதாரணம். வைத்தியம்: கோவை கவலையே இல்ல, மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல இருந்து இருக்கு, ஆனா 2019-ல அடிக்கல் நாட்டின எய்ம்ஸை நம்பித் திட்டம் போடாதீங்க. அக்கம்பக்கம்: "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை"ங்கிற விசாரணை இருக்கும். தனியா வீடு தேடுற பொண்ணுங்களுக்கு சென்னையிலயே கஷ்டம், அங்க இன்னும் கஷ்டம்.

பெரிய லாபம் எதுன்னு கேட்டா, நான் வாடகையைச் சொல்ல மாட்டேன். வயசான அப்பா அம்மா அந்த ஊர்லயே இருந்தா, அதுதான். ராத்திரி நெஞ்சு வலின்னு போன் வந்தா பத்து நிமிஷத்துல போய் நிக்கலாம். பொங்கல் டிக்கெட்டுக்கு 60 நாளைக்கு முன்னாடி காலையில எட்டு மணிக்கு மொபைலும் கையுமா உட்கார வேண்டாம்.

[காட்சி: லேப்டாப்பில் வேலைத் தேடல் பக்கம்]

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வேலை தேடுற தளத்துல உங்க பதவியையும் அந்த ஊரையும் போட்டு ஒரு மாசம் கவனிங்க. உங்க கம்பெனியைத் தவிர மூணு நாலு கம்பெனி ஆள் எடுக்குதான்னு பாருங்க. எடுக்கலைன்னா சென்னை வீட்டை விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க. அங்க முதல்ல பதினோரு மாச ஒப்பந்தத்துல குடியேறுங்க, ஸ்கூலுக்காக ஜூன் மாசத்தை ஒட்டி. அட்வான்ஸ் பேசும்போது, தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017 பொதுவா மூணு மாச வாடகைதான்னு சொல்லுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா அதுதான் செல்லும், அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. போன முதல் மாசமே பைபாஸ் ஓரத்துல ப்ளாட் காட்ட யாராவது கார் அனுப்புவாங்க. அந்தக் கார்ல மட்டும் முதல் வருஷம் ஏறாதீங்க.