முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே கூடுவோம்

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'கணினியும் சமூகமும்' என்ற தலைப்பில் இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்துகிறீர்கள். இதே தலைப்பில் உலகின் பல ஊர்களில் ஆண்டு தவறாமல் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் மிகச் சிலவே கணினியின் போக்கை உண்மையிலேயே திருப்பியிருக்கின்றன. அந்தச் சிலவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எந்தக் கருத்தரங்கையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். கூட்டம் நடந்தபோது முடிவு இன்னும் மாற்றக்கூடியதாக இருந்ததா? அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு வாழப்போகிறவர்கள் கூட்டத்தில் இருந்தார்களா?

நார்வேயிலிருந்து தொடங்குகிறேன். 1960களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹன் டால் என்ற இருவர் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். நீங்கள் ஜாவாவிலும் பைத்தானிலும் 'கிளாஸ்' என்று எழுதுகிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. பின்னாளில் கணினித்துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது, 2001ஆம் ஆண்டுக்கானது, இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

சிமுலாவைக் கொண்டு ஒரு தொழிற்சாலையின் வேலை ஓட்டத்தைக் கணினிக்குள் அப்படியே நடத்திப் பார்க்கலாம். எந்த இயந்திரத்தின் முன் எத்தனை பொருள் தேங்குகிறது, எங்கே ஆள் சும்மா நிற்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இதைச் செய்துகாட்டிய நிகார்டுக்கே ஒரு கவலை பிறந்தது. தன் கருவி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அது யாருடைய வேலையை அளக்கிறதோ அந்தத் தொழிலாளிக்கு இதில் பேச இடமே இல்லை. அவர் கவலைப்பட்டதோடு நிற்கவில்லை, தொழிற்சங்கத்தைத் தேடிப் போனார். நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் 1970களின் தொடக்கத்தில் ஒரு கூட்டு ஆய்வு தொடங்கியது.

முதலில் போட்ட திட்டம் நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். நிபுணர்கள் ஆராய்வார்கள், அறிக்கை எழுதுவார்கள், சங்கத்திடம் கொடுப்பார்கள். இப்படிப் போனால் அறிக்கை மட்டும்தான் மிஞ்சும் என்று அவர்கள் நடுவழியில் உணர்ந்தார்கள். திட்டத்தையே மாற்றினார்கள். ஆய்வின் பயனாகச் சங்கம் என்ன செயலைச் செய்கிறதோ அதுதான் ஆய்வின் முடிவு என்று வரையறுத்தார்கள். தொழிலாளர்களுக்காகவே பாடநூல்கள் எழுதப்பட்டன. தொழிற்சாலைக்குள் படிப்பு வட்டங்கள் கூடின. வரப்போகும் கணினி அமைப்பில் தங்களுக்கு என்ன வேண்டும், என்ன கூடாது என்று தொழிலாளர்களே எழுதிப் பேரம் பேசினார்கள். 1975இல் நாடு தழுவிய ஒப்பந்தம் வந்தது. புதிய கணினி அமைப்பு பற்றிய விவரத்தை நிபுணர் அல்லாதவருக்கும் புரியும் மொழியில் நிர்வாகம் சொல்ல வேண்டும். அதைக் கவனிக்கத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். 1977இல் நார்வேயின் பணிச்சூழல் சட்டத்திலும் இந்த உரிமை இடம்பெற்றது.

மாணவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். 'கிளாஸ்'களைக் கொண்டு நிரல் எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தந்தையருள் ஒருவர் என்று நீங்கள் தேர்வில் எழுதும் அதே நிகார்ட்தான் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பாடநூல் எழுதினார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். நம் பாடத்திட்டம் ஒரு பக்கத்தை மட்டும் கற்பிக்கிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

தொழிலாளர்களோடு சேர்ந்து கணினியை வடிவமைக்கும் இந்த மரபின் அறிவரங்கமாக டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம் ஆனது. அங்கே 10 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாநாடு நடக்கிறது. 1975இல் தொடங்கி, 2025இல் ஆறாவது மாநாடு நடந்தது. 1985 மாநாட்டின் பொருள் கணினியும் ஜனநாயகமும். ஆண்டுதோறும் கூடிக் கலைவதைவிட, ஒரு தலைமுறைக் கணினி போய் இன்னொரு தலைமுறை வரும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கூடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. போன முறை சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

அந்த மரபில் வந்த உட்டோப்பியா என்ற திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1981 முதல் 1985 வரை, வடஐரோப்பிய அச்சுத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து நடந்தது. ஈய எழுத்துகளின் காலம் முடிந்து, நாளிதழ்ப் பக்கங்கள் கணினித் திரையில் உருவாகத் தொடங்கிய நேரம் அது. பக்கம் கட்டும் தொழிலாளியின் கைத்திறன் அழியப் போகிறதா, கணினிக்குள்ளும் வாழப் போகிறதா என்பதுதான் கேள்வி. கணினி வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டபோது தொழிலாளர்களால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு ஆய்வாளர்கள் மரப்பலகையாலும் அட்டையாலும் போலிக் கணினிகளைச் செய்து வைத்தார்கள். ஒரு வெற்று அட்டைப்பெட்டியின் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி ஒட்டினார்கள். தொழிலாளி அந்த அட்டைத் திரைக்கு முன் உட்கார்ந்து, உண்மையான பக்கத்தைக் கட்டுவதுபோல வேலை செய்துகாட்டினார். கை இங்கே போகும், கண் அங்கே போகும், இந்த இடத்தில் படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். அட்டைதானே, அங்கேயே வெட்டி மாற்றினார்கள். இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் நடந்த உரையாடல் அது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தமிழ் நாளிதழ்களும் அதே மாற்றத்தைக் கண்டன. 1990களில் ஒவ்வொரு இதழும் நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துரு, அதற்கென்று ஒரு குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகக் குறிக்கும் முறை, வைத்திருந்தன. ஓர் இதழை இணையத்தில் படிக்க வேண்டுமானால் அந்த இதழின் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள் வந்து நிற்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் 1997இல் தமிழ் இணையக் கருத்தரங்கம் கூடியது. 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அந்த வரிசையிலிருந்துதான் 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாகி, மாநாடுகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது.

தமிழ்நெட் 99 தந்த விசைப்பலகையை நான் மிகவும் மதிக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பந்து' என்பதற்கும் நான்குதான்: ப, ந, த, உ. தமிழில் ந-வுக்குப் பின் த வந்தால் இடையில் புள்ளி இருக்கும் என்பது இலக்கணம். அந்த இலக்கணத்தை விசைப்பலகைக்குள் வைத்தார்கள். மொழியை அறிந்தவர்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்த கொடை இது.

குறியாக்கத்தின் கதை வேறு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்துவிட்டது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1988இல் வந்த இந்திய அரசின் இஸ்கி என்ற குறியாக்கத் தரத்தை அடியொற்றி அவை அடுக்கப்பட்டன. எல்லா இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஒரே சட்டம் போட்ட தரம் அது. அகர உயிர்மெய்யே அதற்கு அடிப்படை. புள்ளி பிறகு ஒட்டும் ஒரு குறி. நம் இலக்கணத்திலோ மெய்தான் அடிப்படை; க் என்பதோடு அ சேர்ந்தால்தான் க. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள், மூன்று என்று சொல்லும். யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. தமிழ் உலகம் கூடிப் பேசத் தொடங்கிய நேரத்தில் இந்த அடுக்கு அச்சாகி, மென்பொருள்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை ஒதுக்கிய குறியை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை. வனையும்போது பானை கைக்கு வளையும்; சூளையிலிருந்து எடுத்த பிறகு வளைக்க முடியாது.

எழுத்துக்கு ஒரு குறி என்ற முறையில் டேஸ் 16 என்ற மாற்றுக் குறியாக்கத்தை நம் அறிஞர்கள் உருவாக்கினார்கள். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ் 16-ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலகமே யூனிகோடில் குடியேறிவிட்ட பிறகு வந்த மாற்று அது. யூனிகோடு வந்ததால்தான் இன்று என் பேரன் தன் கைபேசியில் எந்த எழுத்துருவும் இறக்காமல் தமிழ் படிக்கிறான். அந்த நன்மையையும் மறக்கக் கூடாது. 1988இல் டெல்லியில் அந்தத் தரம் எழுதப்பட்ட காலத்திலேயே தமிழ்நெட் 99 போன்ற ஒரு கூட்டம் இங்கே கூடியிருந்தால் என்ற ஏக்கம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிந்திக் கூடினாலும் பயன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் நியூயார்க்கில், தானியங்கி முடிவுகளின் நியாயம் பற்றிய ஒரு மாநாட்டில் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் ஓர் ஆய்வை வாசித்தார்கள். மூன்று ஆப்பிரிக்க நாடுகள், மூன்று ஐரோப்பிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் கொண்டு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்திருந்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்தின. ஆனால் அந்த மென்பொருள்கள் அதற்கு முன்பே சந்தையில் விலைபோய்க்கொண்டிருந்தன.

இன்னொரு ஊரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனமில்லை. புதுச்சேரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை அமைத்தது. கணினியை இறக்கும் முன்னால் ஊரில் உட்கார்ந்து, உங்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அதை யாரிடம் கேட்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். இடத்தையும் தன்னார்வலர்களையும் ஊர் தர வேண்டும். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலைக் கணிப்பை இறக்கித் தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்கள். ஒரு நாட்டின் போர்க்கப்பல்களுக்காகச் செய்த கணிப்பு, இங்கே கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். ஊரின் உயிர்கள் தப்பின.

இப்போது இன்னும் சூளைக்குப் போகாத பானைகள் எவை? கேட்டதற்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள், தமிழ் வரியைத் தாங்கள் கையாளும் சிறு துண்டுகளாக எப்படி வெட்டுகின்றன என்பது ஒன்று. யூனிகோடு குறிகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, அதாவது நினைவகத்தின் மூன்று சிறு அலகு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று. பைட்டுகளை அடிப்படையாகக் கொண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்ற, வரியைத் துண்டாக்கும் மென்பொருள்களில் அதே செய்திக்குத் தமிழன் கூடுதல் துண்டுகள் செலவழிக்கிறான். துண்டுக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் கூடுதல் பணமும் கொடுக்கிறான். இது இன்னும் மாற்றக்கூடிய முடிவு. ரேஷன் கடைக் கைரேகைக் கருவி இன்னொன்று. நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரலை அது ஏற்காதபோது அந்த அம்மாள் வீட்டுக்கு அரிசி எப்படிப் போக வேண்டும் என்பதை அடுத்த மென்பொருள் வருமுன் எழுதி வைக்க முடியும்.

உங்கள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். 20 கட்டுரைகள் இருக்கின்றன, எல்லாம் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுதியவை. நாளைப் பிற்பகல் அமர்வில் ஒரு மணி நேரத்தை எனக்காக மாற்றுங்கள். இந்தத் தெருமுனையில் ரேஷன் கடை இருக்கிறது, அதற்கு எதிரே இ-சேவை மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களையும் வரிசையில் நிற்கிறவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். மாணவர்களில் நான்கு பேர் இன்று மாலையே போய் முறையாக அழைத்துவிட்டு வாருங்கள். நாளை வருகிறவர்களுக்கு ஒருநாள் கூலி போகும் என்பதால் அதைக் கல்லூரி ஈடு செய்ய முதல்வர் அவர்கள் இசைய வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.